பூனையின் நிழலில் நின்றவர்

பாலகுருசாமி அண்ணன் இறந்து ஏழாவது மாதம் அவர் வளர்த்த பூனைக்குச் சர்க்கரை வியாதி வந்தது, வியாதி தெரிந்த அன்றைக்கே பூனையின் நிழல் மாறிப்போய் அண்ணனின் நிழலாக எங்கள் வீட்டுச் சுவரில் வந்து விழுந்தது, இதில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால் எறும்பைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொண்டது எறும்புதான்.

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நந்தவனத் தெரு. பேரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிட வேண்டாம், தெருவில் மொத்தம் ஒரே ஒரு வேப்பமரம், அதையும் கரண்டு கம்பியில் உரசுகிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். மேற்கு வரிசையில் தங்கபுஷ்பம் மதினி வீடு, நேர் எதிரே கிழக்கு வரிசையில் என் வீடு. நான் ராஜகனி, ஜாக்கெட் தைக்கிறவள். மதினியின் வீட்டுக்காரர்தான் பாலகுருசாமி அண்ணன், டவுன் பஸ் கண்டக்டர், முப்பது வருஷம் தோல்பையை மாட்டி மாட்டி வலது தோள் நாலு விரற்கடை இறங்கிப்போனவர், பையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்ட பிறகும் அந்தத் தோளை நிமிர்த்தத் தெரியாமல் சாய்ந்தே நடப்பார். ஒரு ஐப்பசி மழையில் கடைசி டிரிப் முடிந்து சீட்டுக்கடியில் கிடந்த செவலைப் பூனைக்குட்டியை அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ரைட்டு என்று பேர் வைத்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அது பாலும் நெய்ச்சோறும் தின்று உருண்டு திரண்டு, தெருநாய்களே ஒதுங்கி வழிவிடுகிற அளவுக்கு வளர்ந்தது.

அண்ணன் போன பிறகு மதினிக்கு என்று வீட்டில் இருந்த உயிர் அது ஒன்றுதான். மாசி மாதம் அது இளைக்க ஆரம்பித்தது. தின்பதில் குறைவில்லை, தண்ணீரோ குடத்தைக் கவிழ்த்துக் குடிக்காத குறை, ஆனாலும் முதுகெலும்பு தெரிந்தது, பின்னங்கால்களைத் தூக்கி வைக்க முடியாமல் குதிகாலை மண்ணில் பதித்துத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. ஒருநாள் காலையில் மதினி என்னைக் கூப்பிட்டுக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் கறிவேப்பிலை மரத்தடியைக் காட்டினாள். பூனை ஒன்றுக்குப் போயிருந்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. வரிசை வரிசையாக வந்துகொண்டும் இருந்தது.

"இந்த எறும்ப நான் பாத்திருக்கேன் ராஜகனி" என்றாள் மதினி. "இருபது வருசத்துக்கு முன்னால, எங்க குளியலறையில. அவுகளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

அன்றைக்குச் சாயங்காலம் ரைட்டு வழக்கம்போல மதினி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் காலிமனை என்பதால் இறங்குவெயில் தடையில்லாமல் வந்து எங்கள் வீட்டுச் சுவரில் அடிக்கும். நான் மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தேன். வாசலில் எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்க்கப் போனவர் நின்றுவிட்டார். சுவரில் வலது தோள் இறங்கிய ஒரு ஆளின் நிழல் நின்றது, காதில் சொருகிய பேனாகூடத் தெரிந்தது. எதிரே பார்த்தால் பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு, "அண்ணன் நிக்காக" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை நகர்த்தி வேறு பக்கம் சாய்த்தார்.

மறுநாள் பூனையைக் கட்டைப்பையில் போட்டு, பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். ஆடும் மாடும் கோழியுமாக நின்ற வரிசையில் பூனையோடு நின்றது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். டாக்டரம்மா பெனசீர் சின்ன வயசுதான், ஆனால் கை நிதானமானது. காதோரத்தில் ஊசிமுனையால் ஒரு பொட்டு ரத்தம் எடுத்து மிஷினில் வைத்துப் பார்த்து, "சர்க்கரைதாம்மா, ஐநூத்திப் பத்து" என்றார்.

"பூனைக்குமா டாக்டரம்மா?"

"பூனைக்கும்தான். வைத்தியம் பண்ணினா இழுத்துக் கொண்டாந்துரலாம். பொறுப்பா பாக்க ஆள் வேணும், அவ்வளவுதான்."

மதினி தயங்கித் தயங்கி, "நிழலு வேற மாதிரி விழுது. அதுக்கு எதும் மருந்து இருக்கா?" என்று கேட்டாள். டாக்டரம்மா மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சிமெண்டுத் தரையில் அண்ணன் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அது என் படிப்புல இல்லம்மா. முதல்ல சர்க்கரைய இறக்குவோம்" என்று சொல்லிச் சீட்டு எழுதினார்.

அன்றிலிருந்து மதினி வீட்டில் கடிகாரம்தான் குடும்பத் தலைவர். காலை ஆறு, சாயங்காலம் ஆறு. முதலில் தீனி, தின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி, தின்னாவிட்டால் ஊசி கிடையாது. பாலும் சோறும் நின்றது. அவித்த சாளை மீன், கோழி ஈரல், முட்டை. ஊசிமருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திரி உருட்டுகிற மாதிரி உருட்ட வேண்டும். நாற்பது யூனிட் என்று போட்ட குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசிதான், மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும். நான் பூனையை மடியில் வைத்துப் பிடிப்பேன். மதினி அதன் தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதற்குள் ஊசியை இறக்கி, ஒரு யூனிட் மருந்தை ஏற்றி எடுத்துவிடுவாள். பூனை முனங்கக்கூட முனங்காது. முதல் நாள் முனங்கியது மதினிதான். அண்ணன் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு ஊசி போடுகிற நேரத்தில் அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாள், அவர்தான் தனக்குத்தானே போட்டுக்கொள்வார்.

வாரத்தில் செவ்வாயும் சனியும் காதோரம் குத்தி அளவு பார்த்து டாக்டரம்மாவுக்குப் போனில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். சொல்லும்போது சின்ன விஷயம், ஆறு மணி என்றால் கல்யாண வீட்டிலிருந்தும் இழவு வீட்டிலிருந்தும் எழுந்து ஓடிவர வேண்டும். மதினி ஓடிவந்தாள்.

நிழலுக்குத் தெரு பழகிக்கொண்டது. பெண்கள் அந்தச் சுவரைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்கள், அண்ணனுடைய பஸ்ஸில் ஏறும்போது செய்த மாதிரியே. இளவட்டங்கள் பீடியைப் பின்னால் மறைத்தார்கள். மோட்டார் சைக்கிளை யாரும் அங்கே நிறுத்துவதில்லை. தேர்தலுக்குச் சுவரெழுத வந்த கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு நின்று பார்த்துவிட்டு, "ஆள் இருக்காக, வேற சுவரு பாருங்கப்பா" என்று போய்விட்டார்கள். மளிகைக்கடை தர்மர் அண்ணாச்சி முன்னின்று எங்கள் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் பத்து வருஷமாக அடிக்காமல் தள்ளிப்போட்ட வேலை அது. அண்ணனோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, சுவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் இருந்துவிட்டு, "சரிண்ணே, வாரேன்" என்று எழுந்து போவார். வெயில் இறங்க இறங்க நிழல் நீண்டு மாடிச் சுவருக்கு ஏறி, பிறகு இருட்டில் கரைந்துவிடும், நாங்களும் அவரவர் வீட்டுக்கு உலை வைக்கப் போய்விடுவோம்.

எல்லோருக்கும் அவரிடம் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. எனக்கும் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்குக் காலை வெட்டி எடுத்துப் படுக்கவைத்திருந்தபோது, "ராஜகனி வரலையா?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பத்து வருஷம் என் ஜாக்கெட் பார்சல்களைக் கோவில்பட்டிக் கடைகளுக்கு எடுத்துப்போய்க் கொடுத்த மனுஷன். கையில் முகூர்த்தத் துணி இருந்தது, நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு அவர் இல்லை. அந்த வெட்கத்தோடுதான் நான் தினமும் சாயங்காலம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தைத்தேன்.

சாயங்கால நிழல் தெருவுக்கு என்றால் காலை நிழல் மதினிக்கு. காலை வெயில் எங்கள் மாடியைத் தாண்டி வந்து அவள் வாசலில் விழும். ஊசி போட்ட பிறகு ரைட்டு வாசல்படியில் போய் வெயில் காயும், நிழல் உள்ளே நீளும், கூடத்தைத் தாண்டி அடுப்படி நிலை வரைக்கும் போகும், அண்ணன் தினமும் டியூட்டிக்குக் கிளம்புமுன் நிற்பாரே அந்த இடம். மதினி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். தண்ணி வரல, கேபிள்காரன் வந்தான், உங்க அக்கா மகளுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. ஒருநாள் ஈரல் கொடுக்கப் போனவள் இதைக் கேட்டுவிட்டு நிலையிலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வெட்கப்படவில்லை.

"அவுகளக் கொன்னது நாந்தான் ராஜகனி" என்றாள். "டியூட்டி முடிஞ்சு வந்ததும் கருப்பட்டி மிட்டாய் ஒரே ஒரு சுத்துன்னு கைய நீட்டுவாக. இல்லைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் தின்னாம உண்ணாமப் படுத்துக்கிடுவாக. ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாக. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது. குடுத்துருவேன். கால்ல புண்ணு வந்த பிறகும் குடுத்தேன். விரல எடுத்த பிறகும் குடுத்தேன்."

விதி மதினி, அது இது என்று உளறினேன்.

வைத்தியம் வேலை செய்தது. சித்திரையில் சர்க்கரை முந்நூறுக்கு வந்தது, வைகாசி தொடக்கத்தில் இருநூற்றி இருபது. ரைட்டுக்கு முதுகில் சதை பிடித்தது, குதிகால் மண்ணிலிருந்து எழும்பியது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எங்களுக்கு வேறொன்று தெரிந்தது. சர்க்கரை இறங்க இறங்க நிழலும் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் பேனா போனது. பிறகு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் தலைக்கு மேல் இரண்டு கூரான காதுகள் லேசாகத் தெரிந்தன. தெருவே எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தது. மதினி மட்டும் அன்றைக்கும் ஆறு மணிக்குச் சரியாக ஊசியோடு வந்தாள், என் கண்ணைப் பார்க்கவில்லை.

இனிப்பை ஆரம்பித்து வைத்தது தர்மர் அண்ணாச்சி. ஊசி போட்டுவிட்டு மதினி கைகழுவி விளக்கேற்ற உள்ளே போன நேரம், சுவரில் நிழல் வலது கையை நீட்டியது. தெருவில் அத்தனை பேருக்கும் அந்தக் கை தெரியும். அண்ணாச்சி கடைக்குப் போய், ஜிலேபி மாதிரிச் சுற்றிப் பாகில் போட்ட கருப்பட்டி மிட்டாய் ஒன்றை எடுத்து வந்து சுவரடியில் இலைக்கிழிசலில் வைத்தார். பூனை காம்பவுண்டிலிருந்து குதித்துத் தெருவைக் கடந்து வந்து, பாகு ஒழுக ஒழுக அதைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டுதான் தின்பார். மறுநாள் நிழலில் காதுகள் இல்லை.

பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. எங்கள் ஊரில் கோவில் திருவிழாவுக்குப் பத்து நாளும் பத்து வீட்டார் மண்டகப்படி செய்வார்கள், இன்ன நாள் இன்னாருடையது, அந்த நாளில் சாமிக்கு வேண்டியதெல்லாம் அந்த வீட்டார் பொறுப்பு, அடுத்தவர் நாளில் மூக்கை நுழைக்கக் கூடாது. அந்த மாதிரியே அண்ணனுக்கும் தெரு மண்டகப்படி வைத்துக்கொண்டது. திங்கள் டிரைவர் வீடு, செவ்வாய் டீக்கடை, புதன் கோடிவீடு, வியாழன் தர்மர் அண்ணாச்சி, வெள்ளி நாங்கள் என்று ஏழு நாளும் நிறைந்தது. மதினிக்குத் தெரியக் கூடாது என்பது பேச்சு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. செத்துப்போன மனுஷன் வந்து கையை நீட்டினால் இல்லை என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் வாய் வரவில்லை, அதில் நானும் ஒருத்தி. என் வீட்டு அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் மிட்டாய்ப் பொட்டலம் எப்போதும் இருந்தது.

சர்க்கரை மறுபடி ஏறியது. முந்நூற்று ஐம்பது, நானூறு. டாக்டரம்மா ஒரு யூனிட்டை ஒன்றரையாக்கினார், இரண்டாக்கினார், ஆனி கடைசியில் மூன்றாக்கினார். பூனையோடு நாங்கள் போயிருந்தபோது, "வீட்ல இனிப்பு கினிப்பு யாரும் குடுக்கிறதில்லையே?" என்று கேட்டார். "வீட்லயே இனிப்பு கிடையாது டாக்டரம்மா. அவுக போன அன்னைக்குச் சீனி டப்பாவக்கூட கழுவிக் கவுத்திட்டேன்" என்றாள் மதினி. டாக்டரம்மா பூனையின் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, நாக்குல அதுக்கு இடமில்ல. பால் ருசிக்கு, நெய் ருசிக்குத் திங்கும். வெறும் இனிப்ப அதுவாத் தேடிப் போய்த் திங்கவே திங்காது." பாலும் நெய்யும் இல்லாத கருப்பட்டி மிட்டாயை முந்தின வெள்ளிக்கிழமை என் கையால் வைத்து, அது முழுதும் தின்று இலையை நக்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். தின்றது யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் அடுத்த வெள்ளிக்கிழமையும் வைத்தேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோவிலுக்குப் போகாத வீடு எங்கள் பக்கத்தில் இருக்காது. புதன்கிழமை மத்தியானமே தெரு முழுக்கப் பானை சட்டியோடு கிளம்பிவிட்டது. தீச்சட்டி எடுக்கிறவர்கள், ஆடு வெட்டுகிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள். டிரைவர் வீடு, டீக்கடை, கோடிவீடு, தர்மர் அண்ணாச்சி எல்லோரும் போய்விட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு இருபத்திரண்டு ஜாக்கெட் தைக்கக் கிடந்ததால் நான் போகவில்லை, பூனையின் ஊசியை விட்டு மதினி எங்கும் போவதில்லை. புதன் சாயங்காலம் நிழல் கையை நீட்டியது. கோடிவீட்டு நாள், என் நாள் இல்லை. வியாழன் சாயங்காலமும் நீட்டியது. அண்ணாச்சி நாள், அவர் போகும்போது கடைப்பையனிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் மண்டகப்படியில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய பாடம். மதினி இரண்டு நாளும் காலையும் மாலையும் மூன்று மூன்று யூனிட் போட்டாள். பூனைக்குள் அதைச் செலவழிக்க இனிப்பு இல்லை என்பதை நான் ஒருத்தி யோசித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். "ராஜகனி!" என்று ஒரு சத்தம். அண்ணன் செத்தபோதுகூட மதினி அந்த மாதிரி கத்தவில்லை. ஓடினேன். ரைட்டு கூடத்தின் நடுவில் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடி, சுவரில் முட்டி, சரிந்து விழுந்து, நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. மதினி காதோரம் குத்தி அளவு பார்த்தாள். முப்பத்தெட்டு. வாசல் வழியாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மதினியின் நிழலும் இருந்தது, என் நிழலும் இருந்தது. பூனைக்குக் கீழே நிழலே இல்லை. மனுஷ நிழலும் இல்லை, பூனை நிழலும் இல்லை, வெறும் தரைதான் பளபளத்தது.

போனில் டாக்டரம்மா, "இனிப்பு! சீனியோ தேனோ கரைச்சு ஈறுல தடவுங்க, தொண்டையில ஊத்திராதீங்க, புரையேறிரும். உடனே!" என்றார். மதினி அடுப்படிக்கு ஓடினாள். டப்பா டப்பாவாகத் திறந்தாள், உப்பு, புளி, மல்லி. ஒரு பொட்டு இனிப்பு அந்த வீட்டில் இல்லை. வாசலுக்கு ஓடினாள். தெரு முழுக்கப் பூட்டுத் தொங்கியது.

"எங்கிட்ட இருக்கு மதினி" என்றேன். சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மண்டகப்படி, கிழமை, சுவரடி எல்லாம். அவள் மிட்டாயை உடைத்து உள்ளே இருந்த பாகை விரலில் தொட்டுப் பூனையின் உதட்டை விலக்கி ஈறில் தடவினாள். மறுபடி தொட்டாள், தடவினாள். நிமிராமலே பேசினாள்.

"தெரியும். தினமும் விளக்கேத்திட்டு வந்து அது வாய மோந்து பாப்பேன். கருப்பட்டி மணக்கும்."

"தெரிஞ்சும் ஏன் மதினி கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீகளே. காலையில அவுக வந்து நிக்கிறது நின்னு போகுமே." பாகை இன்னொரு தடவை தடவினாள். "அதே பாவத்த நான் ரெண்டாந்தரமும் செஞ்சேன் ராஜகனி. ஒங்க கையால செஞ்சேன்."

கால் மணி நேரம் போனது. கால்களின் வெட்டு நின்றது. பூனை விரலை நக்கியது. பிறகு தலையைத் தூக்கியது. டாக்டரம்மா சொன்னபடி மறுபடி காது குத்திப் பார்த்தபோது எண்பத்தாறு. தொண்ணூறைத் தாண்டினதும் இனிப்பை நிறுத்திவிட்டு அதன் தீனியை வையுங்கள் என்றிருந்தார். மறுபடி பார்த்தபோது நூற்றிப்பத்து. ரைட்டு எழுந்து முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்தது, அதன் காலடியிலிருந்து கறுப்பாக ஒன்று கசிந்து, நீண்டு, கூடத்தைத் தாண்டி அடுப்படி நிலையில் ஏறி நின்றது. அத்தனை மாதத்தில் அவ்வளவு தெளிவாக நான் அவரைப் பார்த்ததில்லை. சட்டைப்பையில் டிக்கெட் புத்தகத்தின் முனைகூடத் தெரிந்தது. அண்ணன் மதினியின் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டினார்.

மதினியும் பொட்டலத்தைப் பார்த்தாள். அதில் இன்னும் நாலு மிட்டாய் இருந்தது. ஒன்றை எடுத்துப் பூனை முன்னால் வைத்தால் போதும், நாளைக் காலையும் அவர் வந்து நிற்பார், அதற்கு மறுநாளும் நிற்பார். அவள் கை அதன்மேல் போனதை நான் பார்த்தேன். எனக்கும் அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது, இதைவிட்டால் நேரம் இல்லை என்றும் தெரிந்தது, ஆனால் அது புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நடக்கிற காரியமாக இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

மதினி பொட்டலத்தை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள். "இனிமே குடுக்க மாட்டேன்."

கை நீட்டியபடியே இருந்தது. குக்கரில் ஈரல் வெந்துகொண்டிருந்தது, விசில் வந்தது, இன்னொரு விசில் வந்தது. மதினி கண்ணை எடுக்கவில்லை. பிறகு கை மெதுவாக இறங்கியது. அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், கோபித்துக்கொண்டால் திருப்புவாரே அப்படி. நிழல் நிலையைவிட்டு இறங்கி, கூடத்தில் சுருங்கி, பூனையின் காலடிக்கு வந்து, இரண்டு காதும் ஒரு வாலுமாக நின்றுவிட்டது. ரைட்டு எழுந்து தட்டிலிருந்த மீனைத் தின்னப் போனது.

சனிக்கிழமை வேனில் வந்து இறங்கிய தெரு, மொட்டைத் தலையும் மஞ்சள் துணியுமாக அப்படியே எங்கள் சுவருக்கு எதிரே நின்றது. வெள்ளையடித்த சுவரில் ஒரு பூனையின் நிழல் உட்கார்ந்திருந்தது. கோடிவீட்டு அக்கா முதலில் தலைமுழுகினாள், அவளைப் பார்த்து மற்ற பெண்களும் தலைமுழுகினார்கள், அன்றைக்கு இரண்டாவது தடவையாக எங்கள் தெரு அண்ணனுக்குத் தீட்டுக் காத்தது. தெருவே தீட்டில் இருந்ததால் மதினி வீட்டுக்குச் சோறு வேறு தெருவிலிருந்து வந்தது.

அதன்பிறகு ஊசி மூன்றிலிருந்து ஒன்றானது, ஒன்று அரையானது. புரட்டாசி முடிவில் ஊசியே வேண்டாம் என்றார் டாக்டரம்மா. தீனியை மட்டும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தெரு இதைத்தான் அதிசயம் என்று பேசியது. டாக்டரம்மாவோ, சில பூனைகளுக்கு அப்படித் தெளிந்துவிடுவதுண்டு, நல்லா கவனிச்சிருக்கீங்க என்று சாதாரணமாகச் சொன்னார்.

தீபாவளியன்று காலையில் தர்மர் அண்ணாச்சி தட்டு நிறையப் பலகாரத்தோடு மதினி வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அண்ணாச்சி உட்காரவில்லை. வாசல் வெயிலில் படுத்திருந்த பூனையையும் அதன் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தட்டின் நடுவில் இரண்டு சுற்றுக் கருப்பட்டி மிட்டாய் இருந்தது.

"கோவிச்சுக்கிட்டுத்தான போயிருக்காக மதினி. நல்லநாளும் அதுவுமா ஒரு தடவ சமாதானம் பண்ணிக் கூப்பிட்டுப் பாக்கக் கூடாதா?"

மதினி தட்டை வாங்கவில்லை. பூனையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதன் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டாள்.

"கூப்பிட்டா வந்துருவாக அண்ணாச்சி" என்றாள். "அதான் கூப்பிடாம இருக்கேன்."